வாயிலுக்கு வெளியே நின்ற தொண்டு

மார்கழித் திருவாதிரை நன்னாள் வந்துவிட்டது. பத்து நாளாகத் திருவெம்பாவை ஓதிய குரல்கள் இன்று நிறைவு காண்கின்றன. ஆலயங்களில் களி கிண்டும் மணமும், ஏழுகறிக் கூட்டின் மணமும் எழுகின்றன.

இந்தக் களியைப் பற்றி ஒரு சொல். இது அரண்மனையில் பிறந்த பிரசாதம் அன்று. விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார் வீட்டு அடுப்பில் பிறந்தது. மழையில் விறகு விற்காத ஒரு நாளில், அடியார் ஒருவருக்கு அமுது படைக்காமல் தாம் உண்ணலாகாது என்ற நியமத்தைக் காக்க, வீட்டில் இருந்த மாவைக் களியாக்கிப் படைத்தார் என்றும், மறுநாள் அக்களி தில்லைக் கருவறையில் சிதறிக் கிடந்தது என்றும் மரபு வழியாகச் சொல்கிறோம். முந்திரியும் நெய்யும் சேர்த்து நாம் அதைச் செல்வர் வீட்டுப் பண்டமாக்கிவிட்டோம். அது போகட்டும். நாம் இன்று நினைக்க விரும்புவது, அதே தில்லைக்கு ஏங்கி நின்ற மற்றோர் அடியாரை. அவர் திருநாளைப்போவார். நந்தனார் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் இவரைப் பெயர் சொல்லி வணங்கினார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைத்தார். ஆயினும் நம்மில் பலருக்குத் தெரிந்த நந்தன், சேக்கிழார் காட்டும் நந்தன் அல்லர். கொடுமைக்கார வேதியர், நாற்பது வேலி நிலம், ஒரே இரவில் சிவகணங்கள் முடித்துக் கொடுத்த வயல்வேலை ஆகியவை எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் சேர்த்தவை. 1942இல் தேவார இசை மரபில் வந்த தண்டபாணி தேசிகர் நடித்துப் பாடிய திரைப்படத்தால் அந்தக் கதையே நெஞ்சில் நிலைத்துவிட்டது. அது கண்ணீர் வரவழைக்கும் கதைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சேக்கிழாரிடம் திரும்பிப் போனால் அங்கே வேறொன்று காத்திருக்கிறது.

சேக்கிழார் காட்டும் ஆதனூரில் நந்தனாரைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. ஊர்த்தொழிலுக்காக விடப்பட்ட நிலத்தின் விளைவைக் கொண்டு வாழ்ந்தார். பிறந்த குலம் தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட குலம். அவர் செய்த தொண்டு என்ன? சிவாலயங்களில் முழங்கும் பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்வைத் தோலும் இழுத்துக் கட்டும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அருச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார்.

இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பதப்படுத்திய தோல் கோயிலுக்குள் இருந்தது. அவர் முறுக்கிய நரம்பு இறைவன் திருமுன்னர் இசைத்தது. அவர் தேடிக் கொடுத்த மணப்பொருள் பூசைக்குச் சென்றது. அவர் மட்டும் மதிலுக்கு வெளியே நின்றார். கைப்பொருளை ஏற்றுக்கொண்டு கையை மறுக்கும் இந்த விந்தையை அந்தக் காலத்தில் எவரும் விந்தையாகக் கண்டதாகத் தெரியவில்லை. நந்தனாரும் அதை வழக்காடவில்லை. தோல் கொடுப்பதை நிறுத்தவும் இல்லை.

திருப்புன்கூரில் சிவலோகநாதர் திருமுன்னர் வெளியே நின்று வணங்கினார். குறுக்கே இருந்த நந்தி விலகிக் காட்சிக்கு வழிவிட்டது. இன்றும் அத்தலத்தில் நந்தி நேர்க்கோட்டில் இன்றி விலகியே இருப்பதை யாத்திரை சென்ற நம் அன்பர்கள் பலர் கண்டிருப்பர். ஆனால் அந்த அற்புதத்தை மட்டும் பேசிவிட்டு அடுத்ததை விட்டுவிடுகிறோம். காட்சி கிடைத்ததும் நந்தனார் ஊர் திரும்பிவிடவில்லை. அங்கே பள்ளமாய்க் கிடந்த ஓரிடத்தைக் கண்டு, அதைத் திருக்குளமாக வெட்டினார். உள்ளே செல்ல அனுமதி இல்லாத கோயிலுக்கு ஒரு குளம்! தமக்குத் தரிசனம் கிடைத்தது போதும் என்று நினைப்பவர் பக்தர். தமக்குக் கதவு திறக்காத கோயிலிலும் என்ன குறை இருக்கிறது, அதை எப்படி நிறைக்கலாம் என்று பார்ப்பவரை வேறு என்ன சொல்லி அழைப்பது? தொண்டர் என்ற சொல்லை நாம் கொஞ்சம் மலிவாகவே பயன்படுத்திவிட்டோம் என்று தோன்றுகிறது.

அடுத்து வருவது தில்லை ஆசை. ஆதனூரிலிருந்து தில்லை கால்நடையாகச் செல்லக்கூடிய தொலைவுதான். எனினும் போக வேண்டும் என்று எண்ணி இரவெல்லாம் உறங்காமல் இருப்பார். விடிந்ததும் தம் பிறப்பை நினைத்து அடங்கிவிடுவார். நாளைப் போகலாம் என்பார். நாட்கள் இப்படியே கழிந்தன. அதனால்தான் அந்தப் பெயர். இங்கேதான் சேக்கிழாரின் கூர்மை தெரிகிறது. தடுப்பதற்கு ஒருவரும் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. பல தலைமுறைகளாக வெளியே ஒலித்த மறுப்பு, அவர் நெஞ்சுக்குள்ளேயே குடியேறிவிட்டிருந்தது. ஏழு நூற்றாண்டுகள் கழித்து வந்த பாரதியார் அந்த மறுப்புக்கு ஒரு முகம் கொடுத்து, வேதியர் என்று பெயரிட்டு மேடையில் நிறுத்தினார். சேக்கிழாரின் நந்தனாருக்கோ எதிரி தம் நெஞ்சிலேயே இருந்தார்.

ஆசை அடங்காமல் ஒருநாள் புறப்பட்டார். எல்லையை அடைந்ததும் வேள்விப் புகையைக் கண்டு உள்ளே நுழைய அஞ்சி, மதிலைச் சுற்றி இரவும் பகலும் வலம் வந்தார். கனவில் இறைவன் தோன்றினான். தீயில் மூழ்கி எழுந்து வருமாறு பணித்தான். தில்லைவாழ் அந்தணர்களுக்கும் அவ்வாறே உணர்த்த, தென்திசை வாயிலின் புறத்தே தீ வளர்க்கப்பட்டது. நந்தனார் அதில் புகுந்து முந்நூல் விளங்கும் முனிவராய் எழுந்து, திருவம்பலத்துள் சென்று மறைந்தார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது இக்காலத்து அன்பர்கள் பலருக்கு நெஞ்சு பதறுவதை யாம் அறிவோம். குற்றமற்ற ஒருவருக்குத் தீ எதற்கு? அவரை எரித்துவிட்டுக் கதையை மாற்றினார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. வேள்வியின் தத்துவம் என்று விளக்குவோரும் உண்டு. சமயச் சொற்பொழிவுகளில் இந்தக் கேள்வி எழுந்தால் பேச்சாளர் வேறு கதைக்குத் தாவிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். தாவ வேண்டியதில்லை. சேக்கிழார் வாக்கிலேயே ஒரு விடை இருக்கிறது. நந்தனார் தீயில் இறங்குவதற்கு முன்பே இறைவன் அவர் கனவில் வந்துவிட்டான். அதற்கும் முன்பே திருப்புன்கூரில் நந்தியை விலக்கிவிட்டான். ஆண்டவன் ஏற்றுக்கொண்டு வெகுகாலமாயிற்று. சுற்றி நின்றவர்கள் ஏற்றுக்கொள்வதற்குத்தான் ஒரு தீ வேண்டியிருந்தது. அத்தீயின் கடுமையை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதே நேர்மை என்பது எமது கருத்து.

நந்தனைப் பாடியவருக்கும் வாயிலில் நிற்கும் பேறு வாய்த்ததை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடிச் சென்றார். பிள்ளையவர்களோ இலக்கணக் கடல். பாரதியாரின் பாடல்களில் மொழிக் குறைகள் இருந்தன. பாயிரம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இன்று நாளை என்று கடத்தினார். பாரதியார் திரும்பத் திரும்ப வந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வில் இருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளையே பாடத் தொடங்கினார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பெரும்புலவர் கண்ணீர் மல்க எழுந்து வந்தார். பாயிரம் கிடைத்தது. பின்னாளில் தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது. பாரதியார் திண்ணையிலிருந்து வாதாடியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அவர் பாடினார்.

தில்லையை விட்டு நாம் இன்னும் நகரவில்லை. 1916ஆம் ஆண்டு, அதே சிதம்பரத்தில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து துறவு பூண்ட சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் ஒரு கல்விக்கூடம் நிறுவினார். காவி உடுத்தியும் கோயில் வாயில் அவருக்குத் திறக்காத காலம் அது. திறக்கும்வரை காத்திருக்காமல், வாயிலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்குத் தமிழும் சமயமும் கற்பித்தார். நந்தனார் வெட்டியது நீருக்கான குளம். சகஜானந்தர் வெட்டியது வேறு வகைக் குளம். 1939இல் மதுரையில் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் ஆலயத்துள் நுழைந்ததும், 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியதும் பின்னர் வந்தவை. சட்டம் வந்த நாளில் உள்ளே சென்று ஓதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்றால், சட்டம் வராத நாளில் எவரோ ஒருவர் கற்பித்து வைத்திருந்ததே காரணம்.

நம் காலத்திலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கடலூர் மாவட்டத்துக் குமுடிமூலையைச் சேர்ந்த சிவனடியார் ஆறுமுகசாமி என்ற முதியவர், தில்லைத் திருச்சிற்றம்பல மேடையில் நின்று திருமுறை ஓத விரும்பினார். மரபில் இடமில்லை என்று தீட்சிதர்கள் மறுத்தனர். 2000ஆம் ஆண்டில் ஓத முயன்றபோது வெளியேற்றப்பட்டார். மூவர் பாடிய தேவாரச் சுவடிகள் அந்தத் தில்லையிலேயே ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் அவற்றை மீட்டனர் என்றும் நாம் பெருமையோடு சொல்லி வருகிறோம். மீட்ட பாடலை மீட்ட இடத்தில் பாட ஓர் அடியாருக்கு நீதிமன்றமும் அரசாணையும் தேவைப்பட்டன. 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், காவல் துறையின் துணையோடு, தள்ளுமுள்ளுகளுக்கிடையே அவர் மேடையேறி ஓதினார். அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அவர் சமயத்தை வெறுத்து ஒதுங்கியிருக்கலாம். பலர் அப்படித்தான் ஒதுங்கினார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? இவர் ஒதுங்கவில்லை என்பதுதான் செய்தி. தீட்சிதர்களுக்கும் தங்கள் மரபைக் காக்கும் கடமை என்று ஒன்று இருப்பதாக அவர்கள் நம்பினர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆண்டவன் திருமுன் அடியார் ஓதுவதால் குறைந்துபோகும் மரபு எத்தகையது என்ற வினாவுக்கு விடை இன்னும் வரவில்லை.

இவையெல்லாம் அக்கரைச் செய்திகள், நமக்கென்ன என்று எவரும் எண்ண வேண்டாம். இந்த நாட்டுக்குப் பால்மரம் வெட்டவும், சாலை போடவும், தண்டவாளம் அமைக்கவும் வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் தம் ஊரில் கோயில் மதிலுக்கு வெளியே நின்றவர்கள். தடுத்த ஊரை விட்டு வந்தார்கள். தெய்வத்தை விட்டு வரவில்லை. லயத்தின் ஓரத்தில், மரத்தடியில், ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி மாரியம்மா என்று அழைத்தார்கள். தகரக் கூரை போட்டார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கொடுத்த காசில் சுவர் எழுப்பினார்கள். இன்று கோபுரத்தோடு விளங்கும் நம் ஆலயங்களில் பலவற்றின் வேர் அந்தத் தகரக் கூரைதான். ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. இந்த மண்ணிலும் சில கோயில்களில் குலம் பார்த்து வாயில் அடைத்த காலம் ஒன்று இருந்தது. 1929இல் பெரியாரின் மலாயா வருகையும், 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் பணியும் அந்தக் கதவுகளை அசைத்தன. தெய்வ நம்பிக்கை இல்லாதவர் வந்து தெய்வத்தின் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டிய நிலை வந்ததை நாம் எளிதில் மறந்துவிடலாகாது.

இன்று குலத்தைக் கேட்டு எவரையும் நிறுத்துவதில்லை என்று மனநிறைவு கொள்கிறோம். நிறுத்தும் முறை மாறியிருக்கிறது, அவ்வளவே. தேவாரம் கற்க வேண்டும், ஓதுவாராக வேண்டும் என்று ஓர் இளைஞன் விரும்பினால் முதல் மறுப்பு வீட்டிலேயே வருகிறது. கோயில் வேலைக்குப் போய் எதை வைத்துப் பிழைப்பாய் என்று தாய் கேட்கிறாள். அவள் கேட்பதிலும் பொருள் உண்டு. அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்ட முடியுமா என்பது அவளுக்குத்தான் தெரியும். அதையும் மீறி வருபவனை ஆலய நிர்வாகம் பார்க்கும் பார்வை வேறு. ஊர்க்காரப் பிள்ளை என்றாலே ஒரு ஐயம். அர்ச்சகரும் மேளக்காரரும் தமிழகத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தால்தான் பூசைக்குப் பெருமை என்று உபயகாரர் எண்ணுகிறார். அவ்வாறு வருபவர்களும் குடும்பத்தைப் பிரிந்து வந்து நமக்குத் தொண்டு செய்பவர்களே. அவர்கள்மேல் எமக்குக் குறையில்லை. ஆனால் மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் பரிசு பெறும் பிள்ளைகள், அதற்கப்புறம் எங்கே போகிறார்கள்? பரிசுக் கோப்பை அலமாரியில் நிற்கிறது. பிள்ளை பதினேழு வயதில் ஓதுவதை நிறுத்திவிடுகிறான். யாரும் அவனைத் துரத்தவில்லை. யாரும் அவனை அழைக்கவும் இல்லை. நாளடைவில், இதெல்லாம் நமக்கு எதற்கு என்று அவனே சொல்லிக்கொள்கிறான். ஆதனூரில் நடந்ததும் இதுதானே!

இந்த மலரைப் படிப்போரில் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். கேட்டுக் கேட்டு இல்லை என்ற சொல்லையே பெற்றவர். அவருக்கு யாம் ஆறுதல் கூற வரவில்லை. நந்தனார் தோல் பதமிட்டதும், பாரதியார் திண்ணையில் பாடியதும், ஆறுமுகசாமி விடாமல் ஓதியதும் மறுப்பு நீங்கிய பிறகு செய்தவை அல்ல என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

எஞ்சியது ஆலயப் பொறுப்பாளர்களுக்கு. திருவிழா நாளில் நம் ஆலயங்களில் நடப்பதை எல்லாரும் அறிவோம். தீபாராதனை முடிந்ததும் பஞ்சபுராணம் தொடங்கும். தூணருகே நிற்கும் பெரியவரோ, பாவாடை தாவணியில் வந்த சிறுமியோ இரண்டு பதிகம் ஓதத் தயாராக வந்திருப்பர். அதற்குள் பிரமுகர்கள் வந்துவிடுவர். நேரமாகிவிட்டது, ஒரே பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள் என்று காதோரம் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பிறகு பொன்னாடைகளும் மாலைகளும் அறிவிப்புகளும் முக்கால் மணி நேரம் நடக்கும். அந்தச் சிறுமி பாடல் ஏட்டை மூடிக்கொண்டு பிரசாத வரிசைக்குப் போய்விடுவாள்.

இத்திருவாதிரையில் ஒலிபெருக்கியை முதலில் அவளிடம் கொடுங்கள். இரண்டு பதிகமும் முடியட்டும். நேரம் போதவில்லை என்றால் பொன்னாடைகளில் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். பிரமுகர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள்.